உங்களுக்குள் நிற்காமல் போன என் சிறுநீரகம்

இன்று காலை வேலூருக்குப் போய் சிறுநீர்ப் பரிசோதனை கொடுத்துவிட்டு வந்தேன். புரதம் துளியும் இறங்கவில்லை, இருக்கிற ஒரு சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நடந்தது இவ்வளவுதான்.

மூடி போட்ட அந்தச் சின்ன பிளாஸ்டிக் டப்பாவை நர்ஸ் பெண் என் கையில் கொடுத்தபோது உங்கள் ஞாபகம் வந்தது. வந்தது என்ன, பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்தே கூடத்தான் வந்துகொண்டிருந்தீர்கள். மூடியைத் திறந்ததும் எழுந்த புது பிளாஸ்டிக் நெடியில் பக்கத்திலேயே வந்து நின்றுவிட்டீர்கள். நம் வீட்டுக் குளியலறை ஜன்னலில் அந்த டப்பாக்கள் கழுவிக் கவிழ்த்தபடி கிடந்த காலம் ஒன்று உண்டே. "தூக்கிப் போடாதமே, ஊறுகா போட்டு வெச்சிக்கலாம்" என்பீர்கள். இன்று நிரப்பிய டப்பாவை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தேன். வெறும் மஞ்சள் நீர். மேலே நுரை இல்லை. நல்ல சேதிதான். பார்த்துவிட்டு யார் பக்கம் திரும்புவது என்றுதான் தெரியவில்லை.

ஓசூரில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டேன். "சூப்பர்மா. மீட்டிங்ல கீறேன், அப்றம் கூப்டுறேன்" என்றாள். அவள் மேல் குறை இல்லை, அவள் பிழைப்பு அப்படி. திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் சொல்லலாமா என்று கூட நினைத்தேன். எனக்கு ஒரு கிட்னிதான், அது நன்றாக இருக்கிறதாம் என்று எடுத்த எடுப்பில் சொன்னால் அந்த அம்மா எழுந்து வேறு சீட்டுக்குப் போயிருப்பாள்.

படவேட்டில் இறங்கி நேராகக் குடோனுக்கு வந்தேன். சாமை மூட்டைகளுக்கு நடுவில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன். வீட்டுக்குப் போனால் பூட்டைத் திறக்க வேண்டும், விளக்கைப் போட வேண்டும், ஒருத்திக்கு மட்டும் உலை வைக்க வேண்டும். இங்கே மூட்டைகளாவது ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு இருக்கின்றன.

நாம் முதலில் பேசிய பேச்சே சண்டைதான். அப்போது நான் ஜமுனாமரத்தூர்ச் சந்தையில் மலைக்காரர்களிடம் புளி வாங்கிக் கீழே கொண்டுவந்து விற்கத் தொடங்கியிருந்த புதிது. அதற்கு முன்னால் கூலிக்குப் புளியங்கொட்டை தட்டிக்கொண்டிருந்தவள். லாரி வைக்க வழியில்லை. உங்கள் மினி பஸ்ஸின் தலையில்தான் என் மூட்டைகள் ஏறும். ஒரு நாள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினீர்கள்.

"இன்னாமே, பஸ்ஸா இது, லாரியா?"

"பஸ்ஸுதான். லாரியா இருந்தா டிரைவரு எறங்கி மூட்டைக்கு ஒரு கை குடுத்திருப்பாரு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நீங்கள் கோபித்துக்கொண்டு வண்டியை எடுத்துவிடுவீர்கள் என்று நினைத்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்து மூட்டைக்குக் கை கொடுத்தீர்கள். கல்யாணத்துக்குப் பிறகு கேட்டால், "அன்னிக்கு எறங்குனவன், இன்னும் மேல ஏறவே இல்ல" என்பீர்கள்.

உங்கள் கால் வீங்கத் தொடங்கியபோது நாம் இருவருமே அதைக் கண்டுகொள்ளவில்லை. மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு எல்லாம் சாயங்காலம் கால் கனக்கும். கிளட்சை மிதித்து மிதித்து வருகிற வீக்கம் என்று உங்கள் கூட்டாளிகள் சொன்னார்கள்; உப்புத் தண்ணீரில் காலை வைக்கச் சொன்னார்கள்; வைத்தீர்கள். பிறகு காலையில் எழுந்தால் கண்ணுக்குக் கீழே இரண்டு பையாகத் தொங்கியது. முகம் பளபளவென்று ஆனது. எதிர்வீட்டுக்காரி என்னைப் பார்த்து, "இன்னாக்கா, வியாபாரம் சூடு பிடிச்சதும் மாமா மூஞ்சியில தெரியுதே" என்றாள். சொல்வதற்கென்ன, எனக்கு அதில் கொஞ்சம் பெருமை கூட இருந்தது. நாம் பட்டினி கிடந்த வருஷங்களைப் பார்த்தவள் அவள்.

வேறு ஆட்களாக இருந்தால் நுரையை முன்னமே பார்த்திருப்பார்கள். நீங்கள் வாழ்நாள் முழுக்க வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் புதர்ப் பக்கம் போய்வந்த ஆள். மண் எல்லாவற்றையும் குடித்துவிடும். வீட்டில் நான் கழிவறை கட்டி முடித்த பிறகுதான், ஒரு ஞாயிற்றுக்கிழமை உள்ளேயிருந்து கூப்பிட்டீர்கள்.

"மே, இங்க வந்து பாரு. சோப்புத் தூள் எதுனா கொட்டி வெச்சியா?"

நான் எதுவும் கொட்டவில்லை. இரண்டு பேரும் குனிந்து, பால் பொங்கியது போல நின்ற அந்த நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அடங்கவே இல்லை அது.

வேலூரில் நம்மைப் பார்த்த டாக்டரம்மா, நம் மகளைவிட நாலைந்து வயது மூத்தவராக இருந்தால் அதிகம். முதுகுப் பக்கமாக ஊசி விட்டுச் சிறுநீரகத்திலிருந்து ஒரு துணுக்கு எடுத்தார்கள். அதைப் பெரிதாக்கி எடுத்த படத்தை அவர் நம் பக்கம் திருப்பிக் காட்டினார். கறுப்பும் வெள்ளையுமாக, மழைக்குப் பிறகு மலைப்பாதைச் சேற்றில் டயர் பதிந்தது போல இருந்தது.

"காவலூர்ல நட்சத்திரம் பாக்க ஒன்னு வெச்சிக்கிறாங்களே டாக்டர், அந்த மாதிரி மிஷினா இது?" என்று கேட்டீர்கள்.

"அது ரொம்ப தூரத்துல இருக்குறதைக் காட்டும். இது ரொம்பச் சின்னதைக் காட்டும்."

"நான் அதுலயும் கண்ணு வெச்சுப் பாத்தேன், ஒன்னும் புரியல. இதுலயும் புரியல."

அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் வியாபாரி, சரக்கு எங்கே பழுது என்று தெரிந்தாக வேண்டும். சிறுநீரகம் ரத்தத்தைச் சலிக்கிற சல்லடை என்று அதற்குள் நாலு பேரிடம் கேட்டு வைத்திருந்தேன். சாமையில் கல் விழுந்தால் சல்லடை கிழிந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? "எங்க கிழிஞ்சிருக்கு, சொல்லுங்க" என்றேன்.

"கிழியலைம்மா" என்றார் டாக்டரம்மா. "கிழிஞ்சிருந்தா படத்துல ஓட்டை தெரியும். இங்க ஓட்டையே இல்ல."

பிறகு என் பையிலிருந்த சீப்பைக் கேட்டு வாங்கினார். தன்னுடைய சீப்பையும் எடுத்து, பல்லோடு பல் கோத்து எதிரெதிராக வைத்துக் காட்டினார். ரத்தக்குழாயின் உள்சுவரில் பொடிப்பொடித் துளைகள். அதன் மேல் மெல்லிய பாய் விரித்தது போல ஒரு படலம். அதற்கும் வெளியே, படத்தில் காட்டிய செல்கள். ஒவ்வொரு செல்லும் நிறையக் கால்களை நீட்டிப் பாயின் மேல் ஊன்றி நிற்குமாம். பக்கத்துச் செல்லின் கால்கள் இதன் கால்களுக்கு நடுவே வந்து கோத்துக்கொள்ளுமாம். காலுக்கும் காலுக்கும் இடையே உள்ள சந்தில் மெல்லிய திரை ஒன்று. தண்ணீரும் உப்பும் கழிவும் அதன் வழியே போகும். ரத்தத்துக்கு வேண்டிய புரதம் போகாது. நல்ல சிறுநீரகத்தின் படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அதில் சீப்புப் பல் போலவே வரிசையாக இருந்தது. உங்களுடையதில் பல்லே இல்லை. வெயிலில் வைத்த வெல்லம் மாதிரி எல்லாம் இளகிப் பரந்து கிடந்தது.

"காலெல்லாம் எங்க போச்சு டாக்டர்?" என்றீர்கள்.

"எங்கயும் போகல. குட்டையாகி, பட்டையாகி, படுத்துடுச்சு."

"நிக்கும்போது அது வெறப்பா நிக்க உள்ள இன்னா கீது?"

டாக்டரம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவரை அப்படி யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. செல்லுக்குள் ஆக்டின் என்று ஒரு புரதம், நூல் நூலாக இருக்கும் என்றார். நம் தசைக்குள் இருக்கிற அதே சாமான்தானாம். அந்த நூல்கள் கட்டுக்கட்டாகச் சேர்ந்து ஒவ்வொரு காலுக்குள்ளும் ஓடுகின்றன. ஒரு பக்கம் கீழே உள்ள பாயைப் பிடித்துக்கொள்கின்றன, இன்னொரு பக்கம் சந்தில் உள்ள திரையை இழுத்துப் பிடிக்கின்றன. செல்லுக்கு அதுதான் எலும்புக்கூடு மாதிரி. பின்னாலிருந்து ரத்தம் அழுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த அழுத்தத்துக்கு எதிராக அந்த நூல்கள் இழுத்துப் பிடித்தால்தான் கால் காலாக நிற்கும்.

நீங்கள் ஒரு சீப்பை எடுத்து அதன் பல்லை விரலால் தடவிப் பார்த்தீர்கள்.

"மலை ஏத்தத்துல வண்டிய நிறுத்தி ஜனங்கள ஏத்துவேன் டாக்டர். வெளிய நிக்கிறவனுக்கு பஸ்ஸு சும்மா நிக்கிற மாதிரிதான் தெரியும். சும்மா நிக்காது அது. ஹேண்ட்பிரேக் கேபிளு உள்ள இழுத்துப் புடிச்சிக்கினு கீது. கேபிளு தளர்ந்தா வண்டி பின்னால போவும். அந்த மாதிரியா?"

"அதே மாதிரிதான். ஆனா உங்க கேபிளை ஒரு தடவை மாட்டினா மாட்டினதுதான். இது அப்படி இல்ல. ஒரு முனையில பிரிஞ்சுக்கிட்டே இருக்கும், இன்னொரு முனையில சேர்ந்துக்கிட்டே இருக்கும். அழுத்தம் கூடக்குறைய ஆகுறதுக்குத் தகுந்தாப்புல தன்னையே மாத்தி மாத்திக் கட்டிக்கும். அந்தக் கட்டுமானம் குலைஞ்சா கால் படுத்துடும், சந்து கெட்டுப்போகும், புரதம் ஒழுகும்."

"மெக்கானிக்கு யாரு?"

"அந்தச் செல்லேதான்."

"அவன் டூட்டி முடிஞ்சு போனா?"

"அதுதான் கஷ்டம். இந்தச் செல் செத்தா அந்த இடத்துக்குப் புதுசு வர்றது ரொம்ப அரிது."

"பாவம் டாக்டர் அவன்" என்றீர்கள். "மாத்தி ஓட்ட ஆள் இல்லாத டிரைவரு."

அன்று திரும்பி வரும் வழியெல்லாம் நீங்கள் அதையே பேசிக்கொண்டு வந்தீர்கள். நான் எதையும் கேட்கவில்லை. புரதம் போகிறது, போவதற்கு மேல் ஏற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று என் மனசு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. மறுநாளிலிருந்து முட்டை, கொள்ளு ரசம், நாட்டுக்கோழி. வீக்கம் கூடியது. அடுத்த தடவை டாக்டரம்மா என்னை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். கொட்டக் கொட்ட அது இன்னும் வேகமாகத்தான் ஒழுகும், உப்பைக் குறையுங்கள், புரதத்தை அளவாகக் கொடுங்கள் என்றார். நீங்கள் என் மானத்தைக் காப்பாற்றுகிறீர்களா வாங்குகிறீர்களா என்று தெரியாத மாதிரி, "ஓட்ட மூட்டையில மேல மேல சரக்கு ஏத்துனது எம் பொண்டாட்டி டாக்டர், இந்தச் சுத்துவட்டாரத்துலயே பெரிய யாவாரி" என்றீர்கள்.

ஸ்டீராய்டு கொடுத்தார்கள். முகம் வட்டமானது, வயிறு பேயாகப் பசித்தது, கோபம் வந்தது, கால் வீக்கம் அடங்கவில்லை. பிறகு சைக்ளோஸ்போரின் என்று ஒரு மாத்திரை. உடம்பின் எதிர்ப்பை அடக்குவதற்குக் கொடுப்பது அது. கூடவே நேராக அந்தச் செல்லுக்குள்ளேயே போய் நூல்கள் குலையாமல் தாங்கிப் பிடிக்கும் என்றும் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று டாக்டரம்மா சொன்னார். அந்த மாத்திரைக்கு நீங்கள் 'கேபிள் மாத்திரை' என்று பெயர் வைத்தீர்கள். "மே, கேபிளு போட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் டியூட்டிக்குப் போவீர்கள். கொஞ்ச காலம் நுரை குறைந்தது. நம்பினோம். பிறகு அதையும் தாண்டிக்கொண்டு வந்தது.

பஸ் சாவியை முதலாளியிடம் ஒப்படைத்துவிட்டு வந்த அன்று நீங்கள் சாப்பிடவில்லை. மலையிலிருந்து இறங்கும் பஸ்ஸின் ஹாரன் கேட்டதும், "மூணாவது வளைவுல அடிக்கிறான். அங்க அடிக்கக் கூடாது, முன்னாடியே அடிக்கணும்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னீர்கள். அதற்குள் டயாலிசிஸ் தொடங்கிவிட்டிருந்தது. வாரத்தின் பாதி வேலூரிலும் மீதி களைத்துப் படுப்பதிலும் போயிற்று.

கிழியாவிட்டாலும் கெட்ட சல்லடை கெட்ட சல்லடைதானே, என்னுடையதில் ஒன்றை எடுத்து மாற்றிவிடுவோம் என்று நான் பேச்செடுத்தது அப்போதுதான். ரத்த வகை பொருந்தியது. மற்ற சோதனைகளும் பொருந்தின. டாக்டரம்மா நம்மை உட்காரவைத்து ஒளிக்காமல் சொன்னார்: இந்த வியாதியில் சில பேருக்கு மாற்றி வைத்த சிறுநீரகத்திலும் அதுவே திரும்ப வரும், வராமலும் போகலாம், முன்கூட்டிச் சொல்ல முடியாது. வியாபாரத்தில் எனக்கு இது புதிதில்லை. மழை வரலாம் வராமலும் போகலாம் என்று தெரிந்துதான் பூவிலேயே புளியமரத்தைக் குத்தகை பேசுகிறோம். எனக்கு அது போதுமாக இருந்தது. நீங்கள்தான் மசியவில்லை.

"உன் வண்டி ஸ்பேர கழட்டி என் வண்டியில போட்டா, ரெண்டு வண்டியும் நடு ரோட்டுல நிக்கும்மே."

"என் சரக்கு. யாருக்குக் குடுக்கணும்னு நான்தான் சொல்லணும்."

"வேணான்றவன் தலையில கட்டுவியா?"

"எத்தினி பேரு தலையில கட்டிக்கிறேன். உங்க தலை இன்னா ஒசத்தி?"

உறுப்பு கொடுக்க அனுமதி தரும் குழுவினர், பெரிய மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கணவர் வீட்டார் கட்டாயப்படுத்துகிறார்களா என்று விசாரித்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தீர்களே. "அந்த ஆளா? என்னையா? அவரு வேணான்னு ரெண்டு மாசமா மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு கீறாரு, அவர விசாரிங்க" என்றேன். அவர்களும் சிரித்தார்கள். வெளியே வந்தபோது நீங்கள் சிரிக்கவில்லை. என் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு அந்த நடைவழி முழுக்க நடந்து வந்தீர்கள், சந்தைக் கூட்டத்தில் தொலைந்துவிடுவோம் என்று பயந்த குழந்தை போல.

அறுவை முடிந்து எனக்கு நினைவு வந்ததும் கேட்ட முதல் கேள்விக்கு நர்ஸ் சொன்ன பதில், "நல்லா வருதும்மா". சிறுநீர்தான். நான் அழுதேன். இரண்டு நாள் கழித்துச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து உங்கள் அறைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்தினார்கள். நீங்கள் உள்ளேயிருந்து போனில் பேசினீர்கள். "மே, உன் கிட்னி ஆடி மழை மாதிரி கொட்டுது. பக்கெட்டு மாத்தி மாத்தி இவங்களுக்குப் பேஜாரு." உங்கள் கண்ணுக்குக் கீழே இருந்த பைகள் வற்றியிருந்தன. கல்யாணத்தின்போது இருந்த முகம். அந்த ஒரு வாரம்தான், நாம் ஜெயித்துவிட்டோம் என்று நான் நினைத்தது.

பிறகு ஒரு காலை நான் வந்து நின்றபோது, கட்டிலில் தொங்கிய சிறுநீர்ப் பையின் மேல் போர்வையை இழுத்துவிட்டீர்கள். எந்த வியாபாரியிடம் சரக்கை மறைக்கிறீர்கள்? நீங்கள் கையை இழுத்துக்கொள்வதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. நுரை.

மறுபடியும் ஊசி, மறுபடியும் துணுக்கு, மறுபடியும் படம். டாக்டரம்மா இந்தத் தடவை சீப்பெல்லாம் எடுக்கவில்லை. படத்தை மேஜையில் வைத்து என் பக்கம் நகர்த்தினார். பல் இல்லாத சீப்பு. இளகிப் பரந்த வெல்லம்.

"இது என்னுதா?" என்று கேட்டேன்.

"உங்களுதுதான்மா."

"என் உள்ள இருக்கும்போது நல்லாத்தானே நின்னுச்சு?"

"நல்லாத்தான் நின்னுச்சு. அவர் ரத்தத்துல இருக்குற ஏதோ ஒன்னு, அந்தச் செல்லோட பிடியைத் தளர்த்துது. அது என்னன்னு இன்னும் முழுசாப் பிடிபடல."

இதைத்தான் நான் இன்றுவரை சுற்றிச் சுற்றி வருகிறேன். ஒரே வயிற்றில் ஒன்றாக வளர்ந்த இரண்டு சிறுநீரகம். ஒன்று எனக்குள் இருக்கிறது. இந்த நிமிஷம் கூட அதன் கால்கள் ஊன்றி நின்று, உள்ளே நூலைப் பிரித்து நூலைக் கட்டி, ஒரு துளி புரதத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அதன் ஜோடி உங்களுக்குள் போன சில நாட்களில் காலை மடக்கிப் படுத்துவிட்டது. சரக்கில் பழுதில்லை. அதை வைத்த டாக்டர்கள் கையில் பழுதில்லை. நீங்களும் ஒரு மாத்திரை தவறவிட்டதில்லை. நான் இத்தனை வருஷம் மண்டியில் கற்றது, நஷ்டம் வந்தால் அது எங்கே வந்தது என்று விரல் வைத்துக் காட்ட முடியும் என்பது. இதில் விரல் வைக்க இடமே இல்லை. யார் மேலாவது கோபப்படலாம் என்றால் அதற்கும் ஆள் கிடைக்கவில்லை.

சாமை சலிக்கிறபோது இப்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வருகிறது. இந்தச் சல்லடையை ஆணியில் மாட்டினால் நாளைக்கும் அப்படியே இருக்கும். சீசன் முழுக்கத் தொடாவிட்டாலும் இருக்கும். உடம்புக்குள் இருப்பதையும் நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது ஒவ்வொரு நொடியும் தன்னைத் தானே கட்டிக்கொண்டால்தான் உண்டு என்று டாக்டரம்மா சொன்னபோது புரிந்துகொண்டவர் நீங்கள். எனக்கு இந்த வெறும் வீட்டில் இருந்துதான் புரிந்தது. காலையில் எழுந்து, பல் தேய்த்து, ஒரு ஆளுக்குக் காபி போட்டு, செங்கத்துக்குப் போன் பண்ணி அன்றைய புளி விலை கேட்டு, வேலையாட்களை ஏசி, சாயங்காலம் ஷட்டரை இழுத்து விடுகிறேன். "நல்லா திடமா கீறீங்கக்கா" என்று எதிர்வீட்டுக்காரி சொல்கிறாள். வெளியே நிற்கிறவளுக்கு அப்படித்தான் தெரியும். மலை பஸ் ஹாரன் கேட்டால், எந்த வளைவில் அடிக்கிறான் என்று சொல்ல ஆள் இல்லை. எனக்கு அந்தக் காது இல்லை.

உங்கள் ரத்தத்தின் நீர்ப்பகுதியை எடுத்துவிட்டு வேறு செலுத்தும் சிகிச்சை பல தடவை நடந்தது. நுரை கொஞ்சம் இறங்கும், திரும்ப ஏறும். ஒரு வருஷம் போல இழுத்துப் பிடித்துவிட்டு, உங்களுக்குள் இருந்த என் சிறுநீரகமும் ஓய்ந்துபோனது. திரும்பவும் டயாலிசிஸ் மிஷின். திரும்பவும் அதே ஹால், அதே கட்டில்.

மார்கழி முடிந்து, மலையில் புளி உலுக்கத் தொடங்கியிருந்த ஒரு முற்பகலில், மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே சொன்னீர்கள்: "போதும்மே. இத்தோட நிறுத்திக்கலாம்."

நான் கத்தினேன். எனக்கு மெல்லப் பேச வராது, உங்களுக்குத் தெரியும். அக்கம்பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

"கத்தாத. இன்னா இது, மண்டியா?" என்றீர்கள். ஊசி குத்தாத கையால் தோளில் கிடந்த துண்டை எடுத்து, கட்டில் விளிம்பில் இருந்த என் கையின் மேல் போட்டீர்கள். அதற்கடியில் உங்கள் கை வந்தது.

மாட்டுச் சந்தையில் தரகர்கள் அப்படித்தான் பேசுவார்கள்; துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை சொல்வது, வெளியே ஒருத்தனுக்கும் தெரியாது. எங்கள் மண்டியில் பெரியவர்கள் சிலரும் அப்படி முடிப்பதுண்டு. பொம்பளை கையை எவன் பிடிப்பான்? அதனால் எனக்கு மட்டும் அந்த வழி கிடையாது. நான் செய்த வியாபாரம் எல்லாம் நாலு பேர் காதில் விழக் கத்திச் செய்ததுதான். என் தொண்டை இப்படி ஆனதே அதனால்தான். அது உங்களுக்குத் தெரிந்திருந்தது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

உங்கள் ஒரு விரல் என் உள்ளங்கையை அழுத்தியது. ஒரு மாதம். நான் உங்கள் ஐந்து விரல்களையும் சேர்த்துப் பிடித்தேன். தலையை ஆட்டினீர்கள், சுண்டுவிரலை உருவிக்கொண்டீர்கள், பிறகு இன்னொன்றை. நான் விடவில்லை. நீங்களும் விடவில்லை. எதிர்க்கட்டில் அம்மா, புருஷன் பெண்டாட்டி கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சுகிறார்கள் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடைசியில் உங்கள் மூன்று விரல்கள் என் கையில் நின்றன. புளி சீசன் முடிகிற வரைக்கும். அதற்கு மேல் நான் இழுத்துப் பார்த்தேன், வரவில்லை.

"சரி, எனக்கு இன்னா தருவ?" என்றீர்கள்.

"இன்னா வேணும்?"

"குடுத்தது வீணாப் போச்சுன்னு யாராண்டயும் சொல்லாத. எம் பொண்ணாண்டயும் சொல்லாத. தனியா ஒக்காந்துக்கினு உன்னாண்டயே கூட சொல்லிக்காத."

பேசி முடிந்தது இதுதான்: மூன்று மாதம் நீங்கள் மறுக்காமல் டயாலிசிஸுக்கு வருவது, அதற்குப் பிறகு நான் உங்களை ஒரு நாள் கூட வற்புறுத்தாமல் இருப்பது, கொடுத்ததை நான் வீண் என்று சொல்லாமல் இருப்பது. சித்திரை பிறக்கும் வரை வந்து உங்கள் பங்கை முடித்துவிட்டுப் போய்விட்டீர்கள். என் பங்குக்கு நாம் கெடு வைக்கவில்லை.